நிக்கல் குடித்த செடி

எழுபதுகளில், கல்யாணத்துக்கு முன்பு, கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் ஒரு முலாம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சைக்கிள் ஹேண்டில், கார் பம்பர், கதவுக் கைப்பிடி என்று மங்கிப்போன இரும்பெல்லாம் லோரியில் வந்து இறங்கும்; கண்ணாடிபோல் திரும்பிப் போகும். எங்கள் பட்டறையில் நிக்கல் மட்டும்தான். அதற்கு மேல் குரோம் பூச வேண்டியவை வேறு இடத்துக்குப் போகும். துருவைத் தேய்ப்பதும் அமிலத்தில் கழுவுவதும் ஆண்கள். சாமான்களைச் செம்புக் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுவதும், எடுத்து அலசுவதும் பெண்கள்.

நிக்கல் தொட்டியில் இருந்த தண்ணீர் பச்சையாக இருக்கும். இலைப் பச்சை இல்லை, பாசிப் பச்சையும் இல்லை. பலகாரத்துக்குப் பச்சை நிறம் தரும் பாண்டான் இலையை அரைத்து மெல்லிய துணியில் நாலைந்து தரம் வடிகட்டினால் ஒரு தெளிவு வருமே, அது. முதல் நாள் பார்த்தபோது குடிக்கலாம் போல இருந்தது. அதைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற அக்கா தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

தொட்டியிலிருந்து எடுக்கும் சாமான் பச்சையைச் சொட்டிக்கொண்டே வரும். முதலில் ஒரு வாளியில் முக்குவோம், பிறகு இன்னொரு வாளியில். இரண்டு மணி நேரத்துக்குள் முதல் வாளித் தண்ணீர் வெளிர்ப் பச்சையாகிவிடும். பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான் என்பதால் அதைக் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலையானது. பட்டறைக்குப் பின்னால் பேட்மிண்டன் மைதானம் அளவுக்கு ஒரு வெற்று நிலம். வாசலில் நின்றபடியே வீசி ஊற்றுவேன். ஒரு நாளைக்கு நாலு வாளி, வேலை அதிகமென்றால் ஆறு. பன்னிரண்டு வருடம் ஊற்றினேன்.

இரண்டாம் வருடத்திலேயே விரல் இடுக்குகளில் அரிப்பு வந்துவிட்டது. தோல் வெடித்து நீர் வடியும். தவுக்கே, அதாவது முதலாளியான அந்தச் சீனப் பெரியவர், சோப்பை மாற்றிப் பார் என்றார். மாற்றினேன். கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், பூசினேன். காதில் இமிடேஷன் கம்மல் போட்டாலும் புண்ணாகும். எனக்குத் தோல் அப்படி, பிறவிக் கோளாறு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கல்யாணமாயிற்று. வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். எண்பதுகளின் நடுவில் தவுக்கேவுக்கு உடம்பு முடியாமல் பட்டறையை மூடினார். தொட்டிகளை யாரோ வந்து ஏற்றிப் போனார்கள். முன்பகுதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டார். கீழே இவருடைய மோட்டார் கடை, மேலே எங்கள் குடித்தனம்.

அந்தப் பின்னிலம் அப்போதுதான் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. லாலாங் புல் வராத இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? வெட்டினால் வரும், எரித்தாலும் வரும். அந்தப் புல்லே எங்கள் வேலியோரம் வரைக்கும் இடுப்பளவு வந்து, கோடு கிழித்ததுபோல் நின்றுவிட்டது. உள்ளே மொட்டை. மழை பெய்தால் செம்மண் மேல் ஒரு வெளிறிய பொருக்கு, அவ்வளவுதான்.

முருங்கைப் போத்து நட்டேன். துளிர்த்தது. துளிர்த்த இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது, பிறகு எல்லாம் உதிர்ந்தது. வாழைக்கன்று வைத்தேன், குருத்து விரியவே இல்லை. கோழி எரு போட்டேன். பக்கத்துக் கடைக்கார ஆன்டி, "உனக்குக் கை ராசி இல்லலா, விட்டுரு," என்றார். விட்டுவிட்டேன். நான் ஊற்றிய தண்ணீர்தான் காரணம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஊற்றின தண்ணீர் மண்ணுக்குள் போனது, போனது போனதுதான் என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, கடைக்கு ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். பருத்திப் புடவை, காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் துணிப்பை. பழைய முலாம் பட்டறை எதுவும் இந்தப் பக்கம் இருந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். இவருக்கு அரசாங்க ஆள் என்று பயம்.

"இங்க மோட்டார் மட்டும்தான் மேடம். வேற ஒன்னும் இல்ல."

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அந்த அம்மா கடையின் நடைவழியாகப் பின்வாசலுக்கே போய்விட்டார். மொட்டை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோஷம். அந்த நிலத்தைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதுல என்ன ஊத்துனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும். நான்தான் ஊத்துனேன்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "அப்ப நீங்கதான் எனக்கு வேணும். எந்தப் பக்கம் அதிகம், எந்தப் பக்கம் குறைச்சல்? நடந்து காட்டுறீங்களா?"

நடந்து காட்டினேன். வீசி ஊற்றினால் எது வரைக்கும் போகும், மழை நாளில் வாசலை விட்டு இறங்காமல் எங்கே கவிழ்ப்பேன், எல்லாம் என் கைக்கு நினைவிருந்தது. அவர் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் மண்ணைத் தோண்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே எழுதி வைத்துக்கொண்டார்.

யுனிவர்சிட்டியில் மண்ணைப் பற்றிப் படிப்பிப்பவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் வீடு. எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவார், அவசரத்தில் மட்டும் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தார். "நான் மண்ணுக்குத்தான் டாக்டர் அண்ணே," என்றார் அந்த அம்மா. அன்றிலிருந்து நான் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து விஷயத்தைச் சொன்னார். மண்ணில் நிக்கல் அப்படியே இருக்கிறது. மழை கொஞ்சம்தான் கொண்டுபோயிருக்கிறது. உலோகம் மட்காது, அழுகாது, யாராவது எடுத்தால்தான் போகும்.

"யார் எடுப்பா டீச்சர்? லோரி வெச்சு அள்ளணுமா?"

"அள்ளுனா இன்னொரு இடத்துல கொட்டணும். செடியை விட்டு எடுக்கலாமான்னு பாக்கப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மண்ணில் செடியா?

முதலில் கடுகும் சூரியகாந்தியும் போட்டார். முளைத்து, விரல் உயரம் வந்து, என் முருங்கை போலவே மஞ்சளாகிப் படுத்துவிட்டன. டீச்சர் அதையும் பிடுங்கிப் பையில் போட்டு எழுதிக்கொண்டார். தோற்றதை அவ்வளவு கவனமாக எடுத்துவைப்பவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை கறுப்புப் பைகளில் பன்னிரண்டு நாற்றுகளோடு வந்தார். கடல் தாண்டி, சபா மாநிலத்தில் ஒரு மலைக்காட்டிலிருந்து அனுமதி வாங்கிக் கொண்டுவந்த விதை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முற்றத்தில் முளைக்கவைத்தது. சின்னச் சின்ன இலைகள் காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக. எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது.

"நெல்லி மாதிரி இருக்கே?"

"ஓம், நெல்லிக்குச் சொந்தம்தான். இது இருக்கிற மலையில மண்ணே நிக்கல் மண்ணு. மத்த செடியெல்லாம் அங்க தள்ளாடும். இது மட்டும் உறிஞ்சி இலையில வெச்சுக்கும்."

"வெச்சுக்கிட்டு?"

"நல்லா இருக்கும்."

அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நட்டோம். வெயில் அதிகமென்று செடிகளுக்கு மேலே ஆறு மாதம் வலை கட்டி வைத்தோம். தினமும் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. அதே பின்வாசல், அதே மாதிரி வாளி. ஆனால் இந்தத் தடவை வீசவில்லை, குனிந்து ஒவ்வொன்றின் காலடியிலும் ஊற்றினேன். டீச்சர் கொடுத்த ரப்பர் கையுறை இல்லாமல் மண்ணைத் தொடக்கூடாது என்று கண்டிப்பு.

மூன்று நாற்று செத்தது. ஒன்பது நின்றது. மெதுவாகத்தான் வளர்ந்தது, ஆனால் மஞ்சளாகவில்லை. கரும்பச்சை இலை, மினுமினுப்பு. மழைக்காலத்தில் பெரிய நத்தைகள் வந்து முன்பக்கப் பூந்தொட்டிகளில் நான் வைத்திருந்த வெண்டை, பசலை எல்லாவற்றையும் தண்டோடு தின்று தீர்த்தன. பின்னால் இருந்த ஒன்பதுக்கும் பக்கத்தில் ஊர்ந்துபோன வெள்ளைக் கோடுகள் இருந்தன. ஓர் இலைகூடக் கடிபடவில்லை. அதைச் சொன்னபோது டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நிஜமாவா? எத்தனை நாள் பாத்தீங்க?" என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டார். நத்தைக்குத் தெரிந்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று.

ஒரு வருடம் தாண்டி, ஒரு சனிக்கிழமை மதியம், டீச்சர் ஒரு சின்ன டப்பா நிறைய வெள்ளைக் காகிதத் துண்டுகளைக் கொண்டுவந்தார். ஏதோ மருந்தில் ஊறவைத்துக் காயவைத்த காகிதம். பார்க்க வெறும் காகிதம்தான். எங்கள் கடை மேசையில் ஸ்பேனரை எல்லாம் ஒதுக்கி, ஒரு துண்டை வைத்தார். பக்கத்துக் கடை ஆன்டியின் தொட்டியிலிருந்து பறித்த கறிவேப்பிலையைக் கசக்கி அதில் அழுத்தினார். இலைச்சாறு கறை பட்டது. வேறொன்றும் இல்லை.

"இப்ப நம்மளோடது."

சபாச் செடியின் இலையைக் கசக்கி என் கையில் கொடுத்தார். கையுறையோடு அழுத்தினேன். எடுத்தேன். அழுத்திய இடத்தில் முதலில் ஒரு புள்ளி. பிறகு அது பரவியது. பாசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், கண்ணாடி ஜாடியில் வைத்து விற்பார்களே சிராப் தண்ணி, அந்த ரோஜாச் சிவப்பு. பச்சை இலையிலிருந்து சிவப்பு. காகிதம் ஈரமாக, மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே போனது.

"இந்த நெறம் நிக்கலுக்குத்தான் வரும்," என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தி. "மண்ணிலேர்ந்து இலைக்கு வந்திருச்சு அக்கா."

 என் வாளியிலிருந்து போனது அது. பன்னிரண்டு வருடம் வீசி எறிந்தது. யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் உட்கார்ந்திருந்ததை ஒரு செடி, சத்தமில்லாமல், வேரால் தேடி எடுத்து, தண்டு வழியாக ஏற்றி, இலை நுனி வரைக்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறது.  இன்னொரு இலை, இன்னொரு காகிதம். அதுவும் சிவந்தது. வீட்டுக்காரர் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "மேஜிக்கா இது?" என்றார். 

நான் காதைச் சொறிந்துகொண்டு நின்றதை டீச்சர் பார்த்திருக்கிறார். "அந்தக் கம்மலைக் கழட்டுங்க," என்றார். பஞ்சுக் குச்சியில் அதே மருந்தைத் தொட்டுக் கம்மலின் திருகைத் தேய்த்தார். பஞ்சு சிவந்தது.

"இதுலயும் நிக்கல். உங்க உடம்புக்கு அது ஆகாது. பட்டறையில கை அரிச்சதும் இதனாலதான் இருக்கும். தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க."

இருபது வருடத்துக் களிம்பு, இருபது வருடத்துச் சோப்பு. தோல் டாக்டரும் அதையேதான் சொன்னார். அந்தக் கம்மலை நான் பிறகு போடவில்லை. காது ஆறிவிட்டது. கையில் மட்டும் இன்றைக்கும் மழைக்காலத்தில் கொஞ்சம் வெடிப்பு வரும்.

செடிகள் என் தோள் உயரம் வந்த வருடம், கிளைகளைக் கவாத்து செய்யச் சொன்னார் டீச்சர். வெட்டினால் புதுக் கிளை வரும், புதுக் கிளை இன்னும் கொஞ்சம் எடுக்கும். வெட்டியதைக் கீழே போடக்கூடாது, உதிர்ந்த இலையைக்கூடப் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்ததெல்லாம் திரும்ப மண்ணுக்கே போய்விடும். சாக்கில் கட்டி வைத்தால் வந்து எடுத்துப்போவார்.

அன்றைக்கு நான் தனியாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். பெருவிரல் பருமனில் ஒரு கிளை. கத்தரிக்கோலுக்குப் பிடிகொடுக்கவில்லை, கத்தியால் பட்டையைச் சீவினேன். சீவிய இடத்தில் ஈரம் கசிந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு வளையம் போல. துளியாகத் திரண்டது.

பச்சை.

இலையை நசுக்கினால் வரும் பச்சையா என்று கையுறை விரலில் தொட்டெடுத்துப் பார்த்தேன். இல்லை. தெளிவான, கலங்கலில்லாத, வெளிச்சம் உள்ளே போய் வரும் பச்சை. பன்னிரண்டு வருடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து பார்த்த பச்சையை எனக்குத் தெரியாதா? தொட்டிகள் போய், பட்டறை மூடி, தவுக்கேவும் இறந்துபோய் எத்தனை காலம். அந்தத் தண்ணீர் ஒரு மரக்கிளைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பத்துமலைப் படியேறி மேலே குகை வாசலில் நிமிர்ந்து பார்க்கும்போது இருக்குமே, அப்படி இருந்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது, ஆனால் கையில் கையுறை.

மறுநாள் டீச்சருக்குப் போன் செய்தேன். "பச்சையா வருது டீச்சர். நம்ம தொட்டித் தண்ணி மாதிரியே."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "சபாவில பெரிய மரத்துல வருதுன்னு படிச்சிருக்கேன். நான் கண்ணால பாத்ததில்ல. அப்படியே விடுங்க, வெட்டாதீங்க, நான் வர்றேன்," என்றார். கிளாஸை விட்டுவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. அவரும் என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, புதிதாகச் சீவிய இடத்தில் திரண்ட துளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர், எல்லாம் தெரிந்தவர், அவரும் என்னைப் போலவே உட்கார்ந்துவிட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு பள்ளி விடுமுறையில் அவருடைய லேப்புக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் சாக்கு சாக்காகக் கட்டிய கிளைகளைக் காயவைத்து உலையில் எரித்திருந்தார்கள். பீங்கான் கிண்ணத்தில் சாம்பல். விபூதி வெள்ளை இல்லை, லேசாகப் பச்சை ஓடிய சாம்பல். அதை அமிலத்தில் கரைத்து, வேண்டாததை எல்லாம் பிரித்து வடிகட்டி, ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் வைத்திருந்தார். குவளையில் எங்கள் தொட்டி இருந்தது, கைக்கு அடங்கும் அளவில்.

"இதுல முலாம் பூச முடியுமா அக்கா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா என்று தெரியாது. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு செம்புத் தகடு கேட்டேன். தேய்த்தேன், கழுவினேன், கம்பியில் கட்டினேன். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நிக்கல் துண்டு போடலாம் என்றார் டீச்சர். "வேணாம், அதுவும் கரைஞ்சு வந்து ஒட்டும், அப்புறம் எது செடியோடதுன்னு தெரியாது," என்றேன். பென்சிலுக்குள் இருக்குமே, அந்த மாதிரிக் கரிக்குச்சி போட்டோம். மின்சாரத்தைக் கூட்டாதே, குறை என்று நான் சொல்ல, யுனிவர்சிட்டியில் படிப்பிப்பவர் அதன்படி திருகைத் திருகினார். தகட்டிலிருந்து குமிழி அதிகமாக எழுந்தது. தண்ணீரில் புளிப்பு அதிகம் என்று குமிழியைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. சொன்னேன். அவர் ஏதோ மானியை விட்டுப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிதான்," என்றார். சரி செய்தார்.

தகடு வெளியே வந்தபோது பளபளப்பு இல்லை. சாம்பல் நிறம், ஓரத்தில் திட்டுத் திட்டாக. எங்கள் பட்டறையில் என்றால் மேஸ்திரி தூக்கி மூலையில் எறிந்திருப்பார். ஆனால் செம்பின் சிவப்பு மறைந்திருந்தது. இலையாக இருந்த ஒன்று உலோகமாகி நின்றது. டீச்சர் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெச்சுக்குங்க," என்றார். எனக்கு ஆகாத சாமான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் தவுக்கேவின் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கட்டடத்தை இடித்துக் கிடங்கு கட்டப் போவதாகச் சொன்னார். நாங்கள் செராஸில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போக ஏற்பாடானது. மண் சுத்தமாகிவிட்டதா என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் பொய் சொல்பவரில்லை.

"செடி நின்ன இடத்துல, மேல்மண்ணுல குறைஞ்சிருக்கு. கீழ இன்னும் இருக்கு. முழுசா எடுக்கணும்னா நம்ம ஆயுசு பத்தாது அக்கா."

"நான் ஊத்துனது பன்னெண்டு வருசம்தானே?"

"ஊத்துறது சுலபம்."

இடத்தை வாங்கியவரிடமும் டீச்சர் போய் எல்லாவற்றையும் சொன்னார், கொஞ்ச வருடம் செடி நிற்கட்டும் என்று கேட்டுப் பார்த்தார். அவர் சிமெண்டு போட்டு மூடிவிடுகிறேன் என்றார்.

எனவே ஒன்பது செடியையும் எடுத்துக்கொண்டு போக டீச்சர் ஒரு வேனோடு வந்தார். யுனிவர்சிட்டியில் வேறொரு பட்டறையின் கெட்டுப்போன மண்ணைக் கொட்டிப் படுகை தயார் செய்திருந்தார். நானும் வீட்டுக்காரரும் சங்குலை, அதாவது மண்வெட்டியை, எடுத்துக்கொண்டு கூடவே தோண்டினோம். வேர் இவ்வளவு ஆழம் போயிருக்குமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பின்வாசலை ஒட்டி நின்ற செடியைத் தோண்டும்போது டீச்சர் "நில்லுங்க" என்று கையைக் காட்டினார்.

குழிக்குள் ஒரு பக்கத்துச் சுவரில் சாதாரணச் செம்மண். அங்கே வேர் இரண்டு மூன்றுதான், நூல்போல். மறுபக்கம், வாசல் பக்கம், மழை நாளில் நான் இறங்காமல் கவிழ்த்த இடம். அங்கே மண் வெளிறி இருந்தது. அந்த மண்ணுக்குள் வேர்கள் தலைமுடிபோல் அடர்ந்து, பின்னி, ஒரு பிடி மண்ணைக்கூட விடாமல் பற்றியிருந்தன. செடி இரண்டு மண்ணுக்கும் நடுவில்தான் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே தூரம். ஆனால் அது போக வேண்டிய பக்கத்தைத் தெரிந்துகொண்டு போயிருக்கிறது.

"அதுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

டீச்சர் குழிக்குள் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த வேர்களை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். வேனின் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்காரரும் வந்து நின்றார்.

"தெரியலக்கா," என்றார் டீச்சர். "எனக்குத் தெரியல."

வேரை அறுக்க மனமில்லாமல், அந்தப் பக்கத்து மண்ணோடு சேர்த்து ஈரச் சாக்கில் கட்டி, மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். நல்ல கனம். ஒன்பதில் எட்டு யுனிவர்சிட்டிப் படுகையில் பிழைத்தன. செராஸிலிருந்து பஸ் ஏறிப் போய் வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு வருவேன். போகும்போதெல்லாம் டீச்சர் ஒரு காகிதத் துண்டை எடுத்து நீட்டுவார், நான் இலையைக் கசக்கி அழுத்துவேன், இரண்டு பேரும் குனிந்து அது சிவப்பதைப் பார்ப்போம்.